மலை வீட்டுத் தோட்டத்துக்கு அந்த மலையின் செடிகள்: கொழும்பில் இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகைக்கு இருந்துகொண்டு, ஹற்றனிலோ நானுஓயாவிலோ வெலிமடையிலோ பெற்றோரின் பத்துப் பேர்ச் காணியில் வீடு கட்டி, மாதத்துக்கு ஒருமுறை போய் வருவோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். வீடு முடிந்த கையோடு தோட்ட ஆசை பிறக்கும். பத்தரமுல்லைப் பக்கத்துக் கன்றுக்கடைகளில் நான்கு பைகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். நானும் அப்படித்தான் ஒரு நாகமரக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு நானுஓயாவுக்குப் போனேன். தேசிய மரம், இலங்கை மண்ணுக்குரியது, இதைவிட நல்ல தெரிவு வேறென்ன இருக்கிறது என்பது அப்போதைய என் கணக்கு. தை மாதத்தில் இலை நுனிகள் பழுத்துக் கருகின. பங்குனியில் வெறுங்குச்சி நின்றது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் தண்டை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "உள்ள பச்சையே இல்ல தம்பி. கீழ்நாட்டு வெயில்ல வளந்த புள்ள, இந்தக் குளிருக்கு எப்புடி நிக்கும்?" என்றார்.

நாகமரம் தாழ்நிலத்து ஈரக் காட்டின் மரம். நாட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும், கடல் மட்டத்துக்கும் 1,800 மீற்றருக்கும் இடையில் இலங்கைக்குள்ளேயே பல நாடுகள் இருக்கின்றன. எனவே, மலைத் தோட்டத்துக்குச் செடி தெரிவு செய்யும்போது "இது இலங்கைச் செடியா?" என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. எந்த உயரத்துச் செடி, எந்த மழைப் பக்கத்துச் செடி, இந்தக் கன்றின் விதை எந்த இடத்தில் பொறுக்கப்பட்டது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த மூன்று கேள்விகளையும் சுற்றியே அமைகிறது.

காணியின் உயரமும் மழைப் பக்கமும்

முதல் வேலை, காணியின் உயரத்தை அறிவது. கைபேசியின் உயரம் காட்டும் செயலி போதும். அதை நம்பாதவர்கள் அருகிலுள்ள புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் உயரத்தைப் பார்த்து, அங்கிருந்து மேலே ஏறுகிறோமா கீழே இறங்குகிறோமா என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பண்டாரவளை ஏறத்தாழ 1,220 மீற்றர், ஹற்றன் 1,270, அப்புத்தளை 1,430, நுவரெலியா 1,868. நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொலை 1,890 மீற்றர் அளவில் இருக்கிறது. நூறு மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக 27 பாகையில் வாழும் கொழும்புச் செடி, சராசரி 16 பாகை உள்ள நுவரெலியாவுக்குப் போவதென்பது சிறிய இடமாற்றம் இல்லை.

விவசாயத் திணைக்களத்தின் வகைப்படி 300 மீற்றருக்குக் கீழே தாழ்நாடு, 300 முதல் 900 வரை இடைநாடு, அதற்கு மேல் மலைநாடு. தோட்டக்காரருக்கு மலைநாட்டுக்குள்ளேயே இன்னுமொரு கோடு தேவைப்படுகிறது. ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேலேதான் உண்மையான மலைக்காடு, அதாவது குட்டையான, தடித்த சிறிய இலைகளையுடைய, கிளையெல்லாம் பாசி படர்ந்த காடு தொடங்குகிறது. ஆகவே உங்கள் காணி 900க்கும் 1,500க்கும் இடைப்பட்டதா, அதற்கு மேற்பட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மழை. ஹற்றன், மஸ்கெலியா, நானுஓயாப் பக்கம் வைகாசி முதல் புரட்டாசி வரையான தென்மேல் பருவமழையை நேராக வாங்கும். வெலிமடை, பண்டாரவளை, பதுளை அடங்கிய ஊவாப் பக்கத்துக்கு அதே மாதங்கள் காய்ந்த காற்றின் காலம். அங்கே மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை வடகீழ்ப் பருவத்தோடு வரும். மலைநாட்டுப் புகையிரதத்தில் பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் மூடுபனியோடு நுழைந்து வெயிலோடு வெளியே வந்த அனுபவம் பலருக்கு இருக்கும். அந்தச் சுரங்கத்தின் இரு பக்கத்துக்கும் ஒரே செடிப்பட்டியல் பொருந்தாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தின் மரத்தை ஊவாவின் ஆடிக் காற்றில் நட்டால் அது குளிரால் சாகாது, தாகத்தால் சாகும்.

நடுவதற்கு முன் ஒருமுறையேனும் தை மாத விடியற்காலையில் காணியில் நின்று பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் "நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் துகள் உறைபனி" என்று வருமே, அது உங்கள் காணியில் எங்கே விழுகிறது என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு வடியும். என் காணியின் கீழ் மூலையில், மதிலுக்கு உட்புறமாக, புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல வெள்ளை படிந்திருந்தது. பதினைந்து அடி மேலே, சமையலறைச் சுவரோரம், அதே நேரத்தில் வெறும் பனித்துளிதான். அன்றைக்குத்தான் நாகமரத்தை மிகக் கெட்ட மூலையாகப் பார்த்து நட்டிருந்தேன் என்பதும் விளங்கியது.

முதலில் எடுக்க வேண்டியவை

மலைநாட்டில் நாம் சிறு வயது முதல் பார்த்துப் பழகியவற்றில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவை. தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும், நாம் சவுக்கு என்று சொல்லும் கிரேவிலியாவும், டர்பன்டைன் என்று சொல்லும் யூகலிப்டசும் ஆஸ்திரேலிய மரங்கள். மலைச்சரிவை மூடி நிற்கும் பைன் கரிபியன் தீவுகளின் பக்கத்திலிருந்து வந்தது. ஹைட்ரேஞ்சியா, டேலியா, அகபாந்தஸ் ஆகியனவும் அப்படியே. இவற்றையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா நட்ட ஹைட்ரேஞ்சியா வேலிக்குள்ளேயே இருக்கும். அது காட்டுக்குள் ஓடிப் போகாது.

ஓடிப் போகும் செடிகளின் கதை வேறு. மஞ்சட்பூவும் ஊசிமுள்ளுமாக இருக்கும் ஐரோப்பியப் புதரான யூலெக்ஸ், நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் பரவி நிற்கிறது. ஈரமான கான் ஓரங்களில் சிறிய வெள்ளைப் பூக்களோடு மண்டும் ஏஜெரட்டினா, சற்றுத் தாழ்ந்த இடங்களில் நாயுண்ணி, தெருவோரச் சரிவுகளில் காட்டுச் சூரியகாந்தி என்று மக்கள் சொல்லும் டித்தோனியா ஆகியவற்றைக் காணியிலிருந்து வேரோடு எடுத்த பிறகே புதிய கன்றுகளைப் பற்றி யோசிக்க வேண்டும். எடுத்ததைக் காட்டோரத்திலோ ஓடையிலோ வீசக் கூடாது. விதை முற்றுவதற்கு முன் வெட்டி, உலர்த்தி, காணிக்குள்ளேயே அழிக்க வேண்டும். சரிவான காணியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் முதல் மழையிலேயே மேல்மண் கீழ்வீட்டுக்குப் போய்விடும். ஆகவே நான்கைந்து அடி அகலப் பட்டைகளாக, கீழிருந்து மேல்நோக்கி, ஒரு பட்டையில் நட்ட பிறகே அடுத்த பட்டையை எடுங்கள். மானாப்புல் நிற்கும் இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். அது பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகளின் புல், மண்ணை நன்றாகவே பிடித்திருக்கிறது.

எதை நடுவது

இங்கே ஓர் எளிய வழி இருக்கிறது. கொழும்பில் நமக்குத் தெரிந்த மரத்துக்கு மலையில் ஒரு சொந்தம் இருக்கும். அந்தச் சொந்தத்தைத் தேடுங்கள். கடற்கரையோரம் நிற்கும் புன்னையைச் சிங்களத்தில் தொம்ப என்பார்கள். அதன் மலைநாட்டு உறவு "கீன". தடித்துப் பளபளக்கும் சிறிய இலை, குடைபோல் விரிந்த தலை, புன்னையைப் போலவே வெள்ளைப் பூ. மிக மெதுவாக வளரும். ஆனால் 1,800 மீற்றரின் காற்றையும் குளிரையும் அதற்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. நாவல் மரத்துக்கு மலைக்காட்டில் குட்டையான உறவுகள் பல இருக்கின்றன. சிசீஜியம் இனத்தைச் சேர்ந்த அவற்றின் இளந்தளிர்கள் செம்பு நிறத்தில் விரிவதைப் பார்த்தவர்கள் பூவைக்கூடக் கேட்கமாட்டார்கள். நீர்கொழும்புக்குத் தெற்கே கரையோரத்தில் பயிராகும் கறுவாவுக்கு மலையில் கறுவா இனத்துக் காட்டுமரம் ஒன்று உண்டு. செண்பகத்தை நினைவூட்டும் வெண்பூவையுடைய காட்டுச் செண்பகம் இலங்கை மலைகளிலும் நீலகிரியிலும் இயற்கையாக வளர்வது. சிங்களத்தில் வல் சப்பு என்று கேட்க வேண்டும். தேயிலைக்கும் இங்கே காட்டு உறவு இருக்கிறது: கோர்டோனியா இன மரங்கள் தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, தேயிலைப் பூவைப் பெரிதாக்கியதுபோன்ற பூவையுடையவை.

உயர்ந்த காணி வைத்திருப்போர் எல்லோரும் முதலில் கேட்பது ரோடோடென்ட்ரனைத்தான். சிங்களத்தில் மகா ரத்மல் எனப்படும் இந்த மரம், முறுக்கிய தண்டும் செந்நிறப் பூக்கொத்தும் கொண்டது. இலங்கையில் வளர்வது இலங்கைக்கே உரிய துணையினம். இதற்குப் புளித்த மண், அதாவது அமில மண் வேண்டும், வேர் ஆழமாகப் போகாது, தண்ணீர் தேங்கினால் அழுகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கோல்தீரியாவை, சிங்களத்தில் வெல் கப்புரு என்பதை, பலர் அறியமாட்டார்கள். அதன் இலையைக் கசக்கினால் தசைப்பிடிப்புக்குப் பூசும் தைலத்தின் அதே வாசனை வரும். பாதையோரமாக நட்டுவைத்தால் வருகிற குழந்தைகள் எல்லோரும் ஓர் இலையைக் கிள்ளுவார்கள். புதர் அதைத் தாங்கும். இந்த இரண்டையும் நடும் இடத்தில் முன்பு மரக்கறி பயிரிட்டிருந்தால் கவனம் தேவை. கரட், லீக்ஸ் போட்ட பாத்திகளில் ஆண்டுக்கணக்காக டொலமைட்டும் கோழி எருவும் கொட்டியிருப்பார்கள். மலைநாட்டு இயற்கை மண்ணின் காரகாடித்தன்மை எண் (pH) பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும். மரக்கறிப் பாத்தியில் அது ஏறி, மண்ணின் புளிப்புக் குறைந்திருக்கலாம். அங்கே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு செடிகளை நட்டு, இவற்றைத் தொடாத மண்ணில் வையுங்கள்.

புதர்களுக்கு நான் முதலிடம் கொடுப்பது போவிட்டியாவுக்கு, அதாவது ஒஸ்பெக்கியா இனத்துக்கு. ஊதா நிற நான்கைந்து இதழ், வளைந்த மஞ்சள் மகரந்தத் தாள்கள், மூன்று நரம்பு ஓடும் சொரசொரப்பான இலை. ஹீன் போவிட்டியா என்பதை ஆயுர்வேதத்தில் ஈரல் நோய்க்குக் கொடுப்பார்கள். அதன் இலையில் கஞ்சி காய்ச்சுவதும் உண்டு. அது 900 முதல் 1,500 மீற்றர் வரையான காணிக்குப் போதுமானது. மேலே போனால் இலையில் பட்டுப் போன்ற மயிரடர்ந்த மலைப் போவிட்டியா வகைகளைக் கேளுங்கள். வெயில் நன்றாக விழும் புல்லோரத்துக்கு மஞ்சட்பூவுடைய ஹைபெரிக்கம் மைசூரென்சே பொருந்தும். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் நடைபாதையோரத்தில் அதைக் கண்டிருப்பார்கள்.

குறிஞ்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே சிங்களத்தில் நெலு எனப்படும் குறிஞ்சி (ஸ்ட்ரோபிலாந்தஸ்) இனங்கள் பல இருக்கின்றன. அவற்றில் சில, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் கூட்டமாகப் பூத்து, விதை கொட்டி, செத்துப் போகும். பெயர் பெற்ற நீலக்குறிஞ்சி நீலகிரி மலைகளின் செடி, நம்முடையதன்று. ஊட்டிக்குச் சுற்றுலா போய்த் துணிப்பைக்குள் வேரைச் சுருட்டிக்கொண்டு வருவோர் உண்டு. அனுமதியின்றித் தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவருவது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. சட்டத்தை விட்டுவிட்டாலும், வேரோடு வரும் மண்ணில் எந்தப் புழு, எந்தப் பூஞ்சணம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நெலு நடுவதானால், கூட்டமாகப் பூத்த பிறகு அந்த இடம் சில காலம் வெறிச்சோடும் என்பதை அறிந்தே வீட்டுக்குச் சற்றுப் பின்புறமாக, மர நிழலில் நடுங்கள்.

நிலத்தோடு ஒட்டிய செடிகளில் பினர என்பது என் விருப்பம். நீலம் கலந்த ஊதாப் பூ, நடுவில் பளிச்சென்ற மஞ்சள். சிங்கள மாதமான பினரவில், ஏறத்தாழப் புரட்டாசியில், பூப்பதால் அந்தப் பெயர். அதன் விதை தூசுபோல இருக்கும். மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது, ஈரமான மண்ணின் மேல் தூவி, கண்ணாடித் தகட்டால் மூடி வைக்க வேண்டும். வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டுப் பார்ப்பது வீண் வேலை.

மரப்பன்னத்தை விலைக்கு வாங்க வேண்டாம் என்பேன். சந்தையில் விற்கும் பெரிய மரப்பன்னம் பெரும்பாலும் ஏதோ ஓர் ஓடையோரத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்ததாக இருக்கும். வெட்டிய ஈரச் சரிவிலும் கான் ஓரத்திலும் அவை வித்திகளிலிருந்து தாமாகவே முளைக்கும். களை எடுக்கும்போது சுருண்ட குருத்துள்ள சிறு பன்னங்களை விட்டுவைத்தால், ஐந்தாறு ஆண்டுகளில் உங்களுக்குச் செலவில்லாமல் ஒரு மரப்பன்னம் கிடைக்கும்.

ஊவாப் பக்கத்தார், முக்கியமாக 1,000 மீற்றரை ஒட்டிய பத்தனைச் சரிவுகளில் காணி உள்ளவர்கள், மேற்கூறிய ஈரக்காட்டு மரங்களை விட்டுவிட்டு நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை என்ற பக்கம் போக வேண்டும். காற்றுக்கும் காய்ச்சலுக்கும் அவ்வப்போது வரும் பத்தனைத் தீக்கும் பழகிய மரங்கள் அவை. தமிழில் பேர் தெரிந்த மரங்கள் என்பதால் தேடுவதும் இலகு.

எத்தனை நடுவது? பத்துப் பேர்ச் என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வீடும் பாதையும் போக மிஞ்சுவதில் ஒரு பெருமரம், மூன்று சிறுமரம், பதினைந்து புதர் என்பதற்கு மேல் போனால் பத்தாண்டில் இருட்டாகிவிடும். மலையில் வெயில் விலை உயர்ந்த பொருள். துணி காயும் கொடியின் மேல் நிழல் விழுந்தால் வீட்டிலுள்ளவர்களே கத்தியை எடுப்பார்கள்.

எங்கிருந்து பெறுவது

1861 இல் சிங்கோனாப் பரிசோதனைத் தோட்டமாகத் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியற் பூங்கா, ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மேல்மலைக் காணிக்குப் போகும் வழியில் முதலில் விசாரிக்க வேண்டிய இடம். பேராதனைப் பூங்கா பெரியது, ஆனால் 500 மீற்றர் அளவில் இருப்பது. அங்கே வளர்ந்த கன்றை மேலே கொண்டுபோவதானால் பழக்கும் காலம் தேவை. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகங்களில் அவர்களுடைய நாற்றுமேடைகளில் அந்தப் பருவத்தில் எந்த உள்நாட்டு மரக்கன்று இருக்கிறதென்று கேட்கலாம். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நாம் தேடும் செடி எப்போதும் இருப்பில் இருக்கும் என்ற நம்பிக்கையோடு கொழும்பிலிருந்து புறப்பட்டால் ஹைட்ரேஞ்சியாவோடுதான் திரும்புவோம்.

தெருவோரக் கன்றுக்கடை என்றால் ஒரு கேள்வி போதும். ஒருமுறை நுவரெலியா வீதியில் ஓர் அக்காவிடம், "இந்தக் கன்று எங்கே போட்டது?" என்று கேட்டேன். "அது கொழும்புப் பக்கத்துல இருந்து லொறியில வந்தது தம்பி, நல்லா வரும்" என்றார். நான் கொழும்பிலிருந்து ஆறு மணித்தியாலம் பயணித்துக் கொழும்புக் கன்றை வாங்க இருந்தேன். கடை மலையில் இருப்பதால் கன்றும் மலைக் கன்று ஆகிவிடாது. விதை எங்கே எடுத்தது, பையில் எத்தனை மாதம் இந்த உயரத்தில் நின்றது என்று கேளுங்கள். இங்கேயே ஒரு தை மாதத்தைக் கடந்த கன்றென்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

பெயரில் ஏமாறுவது மிகச் சாதாரணம். மலைச்செடிகளில் பலவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வழக்கில் இல்லை. சிங்களப் பெயர் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சிறு கொப்பியொன்றில் சிங்களப் பெயரையும் தாவரவியற் பெயரையும் எழுதிக்கொண்டு போய் காட்டுவதே பாதுகாப்பு.

காட்டிலிருந்து பிடுங்குவது கூடவே கூடாது. தேசியப் பூங்காவிலிருந்தும் ஒதுக்குக் காட்டிலிருந்தும் செடியோ விதையோ எடுப்பதை 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1907 இலிருந்து வரும் வனக் கட்டளைச் சட்டமும் தடுக்கின்றன. காட்டு ஓர்க்கிட்டுகளை விற்போரிடம் வாங்குவதும் அந்தக் குற்றத்துக்குக் காசு கொடுப்பதுதான். மேலும், பிடுங்கிய மலைச்செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை: ரோடோடென்ட்ரன் குடும்பத்தின் மயிர்போன்ற வேர்கள் மண்ணிலுள்ள பூஞ்சணத்தோடு இணைந்தே உணவெடுக்கின்றன, பிடுங்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும்.

சட்டத்துக்கு உட்பட்டு விதை பெறும் வழி ஒன்று இருக்கிறது: கோயில் வளவிலோ, பாடசாலைக் காணியிலோ, தெரிந்தவரின் தோட்டத்திலோ நிற்கும் மரத்தின் கீழ், உரியவரிடம் கேட்டுவிட்டுப் பொறுக்குவது. உங்கள் காணியிலிருந்து ஓரிரு மைலுக்குள், ஏறத்தாழ அதே உயரத்தில் நிற்கும் மரம் என்றால் அதைவிடச் சிறந்த விதை கிடையாது. ஒரே மரத்தில் எல்லாவற்றையும் எடுக்காமல் நான்கைந்து மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். நாவல் இனத்து விதை காய்ந்தால் செத்துவிடும். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, சதையைக் கழுவி, அன்றே ஊன்ற வேண்டும். புன்னை இனத்து விதையையும் தாமதிக்காமல் போடுவதே நல்லது. நெல்லிக்கு நேர்மாறு: கொட்டையை வெயிலில் வைத்தால் பட்டென்று வெடித்து உள்ளிருந்து சிறு விதைகள் சிதறும், ஆகவே மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுவையுங்கள்.

கன்றைச் சோதித்து வாங்குதல்

பையின் அடியை முதலில் பாருங்கள். துளை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் கன்று பையில் நெடுநாள் கிடந்திருக்கிறது. உள்ளே வேர் சுருண்டிருக்கும், நட்ட பிறகும் சுருண்டபடியே தடித்துச் சில ஆண்டுகளில் மரத்தை அதன் வேரே நெரிக்கும். ஒன்றரை அடிக் கன்று நான்கு அடிக் கன்றைவிட நல்லது. பெரியதை வாங்கினால் இந்த ஆண்டே தோட்டம் நிறைந்ததுபோல் தெரியும், ஆனால் மலைக்காற்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். மேல்மண்ணில் வேற்றுக் களைகள் முளைத்திருந்தால் நடுமுன் அந்த ஓர் அங்குல மண்ணைச் சுரண்டி எறியுங்கள். நான் ஏஜெரட்டினாவை எடுத்த இடத்திலேயே மறுபடி கொண்டுவந்தது ஒரு கன்றின் பையோடுதான்.

நடும் காலமும் முறையும்

உறைபனி விழும் உயர்ந்த காணிகளில் சித்திரை மழை பிடித்த பிறகு, வைகாசிக்குள் நடுங்கள். தைக்கு முன் ஏழெட்டு மாதம் வேர்விடக் கிடைக்கும். ஊவாப் பக்கத்தில் ஐப்பசி இடிமழையோடு நட்டால், ஆடிக் காற்றுக்கு முன் வடகீழ்ப் பருவம் முழுவதும் கன்றுக்குக் கிடைக்கும். ஹற்றன் பக்கத்தில் இரண்டும் சரிவரும். ஆனி மாதப் பெருங்காற்றின் நடுவில் மட்டும் நடாதீர்கள்.

குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். களிமண் இறுகிய இடமானால் அலவாங்கால் குழியின் ஓரங்களைக் கொத்திவிடுங்கள், இல்லாவிட்டால் குழி ஒரு சட்டியாகி மழைநீரைப் பிடித்து வைக்கும். தோண்டிய மண்ணையே நிரப்புங்கள்; ஒரு பங்கு மக்கிய இலைத்தூள் சேர்த்தால் நல்லது. சுண்ணாம்பு, டொலமைட், பச்சைக் கோழி எரு எதுவும் வேண்டாம். சரிவில் கன்றின் மேற்பக்கத்தில் நீரைத் திருப்பிவிடும் சிறு கானும், கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவ மண் வரம்பும் வேண்டும். பெருமரத்தை அணைச்சுவருக்கும் வீட்டுக்கும் அருகில் வைக்காதீர்கள். அது வளர்ந்து நிற்கக்கூடிய உயரத்தின் பாதித் தூரமாவது தள்ளி நடுவது என் வழக்கம். காணியில் நில வெடிப்போ புதிய நீரூற்றோ கண்டால் தோட்ட வேலையை நிறுத்திவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். மண்சரிவை எந்தச் செடியும் தனியாகத் தடுத்து நிறுத்தாது.

முதல் இரண்டு ஆண்டுகள்

கொழும்பில் இருப்பவரின் தோட்டம் பிழைப்பது ஊரிலுள்ள ஒருவரின் கையில்தான் இருக்கிறது. மழையில்லாத வாரத்தில் ஒரு கன்றுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், அவ்வளவுதான் கேட்க வேண்டும். நாள்தோறும் ஊற்றச் சொன்னால் அவரும் களைப்பார், ரோடோடென்ட்ரனின் வேரும் அழுகும். தண்டைச் சுற்றிக் காய்ந்த மானாப்புல்லை இரண்டங்குலத் தடிப்பில் பரப்புங்கள், ஆனால் தண்டில் முட்டாமல் நான்கு விரல் விட்டு. தை, மாசி இரவுகளில் பள்ளத்துக் கன்றுகளுக்கு நான்கு கம்பு நட்டு மேலே சாக்கைப் போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பொலித்தீனால் போர்த்தினால் இலை பட்ட இடமெல்லாம் கருகும். முள்ளம்பன்றி தோண்டும் இடமானால் கன்றைச் சுற்றி வலையை அரையடி புதைத்து நிறுத்துங்கள். காட்டோரக் காணியில் மரை வருமென்றால் வலை ஆளுயரம் வேண்டும்.

கன்றுகள் சில சாகும். பத்தில் மூன்று போனால் நான் அதை நல்ல ஆண்டாகவே எண்ணுவேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுமினியத் தகட்டுத் துண்டில் பெயர், விதை எடுத்த இடம், நட்ட திகதி ஆகியவற்றை ஆணியால் கீறி, கம்பியால் பக்கத்துக் கம்பில் கட்டிவிடுங்கள். பேனையால் எழுதியது ஒரு பருவமழைக்குத் தாங்காது. என் காணியின் கீழ் மூலையில், நாகமரம் நின்ற அதே குழிக்கு ஓர் அடி தள்ளி, இப்போது ஒரு கீன நிற்கிறது. நான்கு ஆண்டில் என் முழங்காலைத் தாண்டியிருக்கிறது. போன முறை போனபோது பெரியவர் அதன் இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மலைப் புள்ள தம்பி, அவசரப்படாது" என்று சொல்லிவிட்டுத் தன் லீக்ஸ் பாத்திக்குப் போனார்.